கண்ணை மூடினால் பாடம்

"அந்த ஒரு வார்த்தையை வச்சு என் பொண்ணு நாக்கு வழிக்கவா?"

தையல்காரம்மாவின் குரல் மூன்றாம் மாடியில் கிளம்பி, படிக்கட்டில் உருண்டு, என் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அடுப்பை அணைத்தேன். பால் பிறகுகூடக் காயும், சண்டை காத்திருக்காது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். படியைப் பெருக்குகிறவளை யாரும் ஒட்டுக்கேட்பதாகச் சொல்ல முடியாது.

"மெதுவா பேசுங்கம்மா, வகுப்பு நடக்குது" என்றார் மாஸ்டர்.

"நடக்குதா, படுத்துக்கிடக்குதா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. மாஸ்டர் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த மறுநாளே கதவில் 'சரளமாக ஆங்கிலம்' என்று பலகை மாட்டிவிட்டார். மற்ற வாத்தியார்கள் ஆயிரம் வார்த்தையை அரைகுறையாகச் சொல்லித்தருவார்களாம். இவர் ஒரே வார்த்தையை வேரோடு பிடுங்குவாராம். மொழி மொத்தமும் மண்ணோடு கையில் வந்துவிடுமாம். அவர் பிடுங்கத் தேர்ந்தெடுத்தது 'ஸ்லீப்'. தூக்கம். ஆளைப் பார்த்தாலே தெரியும், அந்த வார்த்தைதான் அவருக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்திருக்கும்.

என் நாத்தனாரும் அந்த வகுப்புக்குப் போனாள். அதனால் பாடம் முழுக்க எனக்கு இலவசமாக வந்து சேர்ந்தது. இங்கிலீஷ்காரர்கள் ஊரில் கால் மரத்துப்போனால் கால் தூங்குகிறது என்பார்களாம். காலையில் கண்ணோரம் கட்டும் பீளைக்கும் தூக்கம் என்றே பேராம். பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல மனமில்லாவிட்டால் 'அதன்மேல் தூங்கிவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்து போய்விடலாமாம். நம்மவர்கள் ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்பார்களே, அதேதான். நோய்வாய்ப்பட்ட நாயை மருத்துவர் தூங்கவைத்தார் என்றால், நாய் இனி எழாதாம். "அப்போ குழந்தையைத் தூங்கவைன்னு அந்த ஊர்ல எப்படித்தான் சொல்வாங்க?" என்று கேட்டேன். நாத்தனாருக்கு என்மேல்தான் கோபம் வந்தது.

பாடம் நடத்தும் முறைதான் உலகத்தில் எங்கும் இல்லாதது. மாஸ்டர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடுவார். உடனே வகுப்பு அவரைப் பார்த்து வாக்கியம் சொல்ல வேண்டும். மாஸ்டர் தூங்குகிறார். மாஸ்டர் வெகுநேரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் நேற்றும் நன்றாகத் தூங்கினார். எல்லாம் ஆங்கிலத்தில், ராகம் போட்டு. யாராவது சந்தேகம் கேட்டால் போதும், மாஸ்டரின் இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிடும். சந்தேகம் கேட்டவரும் சேர்ந்து ராகம் பாடவேண்டியதுதான். இதற்கு மருந்துக்கடைக்காரர், என் நாத்தனார், இரவெல்லாம் பார்சல் வண்டி ஓட்டிவிட்டு வரும் டிரைவர், தையல்காரம்மாவின் மகள் என்று நாலைந்து பேர். டிரைவர் மட்டும் பாடமாட்டார். மாஸ்டர் கண்ணை மூடிய மறுகணம் அவரும் சுவரில் சாய்ந்து குறட்டை விடுவார். அந்த வகுப்பில் பாடத்தை ஒழுங்காகச் செய்த ஆள் அவர் ஒருவர்தான்.

தையல்காரம்மாவின் மகளை நாங்கள் ஊசி என்போம். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் ஓட்டை தைத்தே அவள் கண்ணோரம் சுருங்கிவிட்டது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு வேலை காலியாக இருந்தது. அது கிடைத்தால் ஊசி மெஷினை விட்டு எழுந்துவிடலாம். கிடைக்காவிட்டால் பொத்தான் ஓட்டையே கதி, இனி வகுப்பு கிகுப்பு என்று வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அன்று காலைதான் நேர்முகத்தேர்வு. போனவள் அரைமணியில் திரும்பிவந்தாள். அதற்குத்தான் இந்தச் சண்டை.

"என்ன கேட்டாங்க, இவ என்ன சொன்னா, அதைச் சொல்லச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர், நீதிபதி மாதிரி.

ஊசி அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தாள். "முதல்ல பேர் கேட்டாங்க, சொன்னேன். அப்புறம், உன்னைப் பத்தி சொல்லும்மான்னு சொல்லிட்டு மேனேஜர் நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடிட்டார்."

அதற்குள் பாதிக் கட்டடம் படிக்கட்டில் கூடிவிட்டது. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா.

"மேனேஜர் ஈஸ் ஸ்லீப்பிங்னு ஆரம்பிச்சேன் மாஸ்டர். நிறுத்த முடியல. வாய் தானா போகுது. நேத்தும் தூங்கினார், நாளைக்கும் தூங்குவார், சின்ன வயசிலேருந்தே தூங்குறார்னு மொத்தத்தையும் சொல்லி முடிச்சேன். பக்கத்துல இருந்த டாக்டரம்மா மேசைக்கு அடியில குனிஞ்சவங்க நிமிரவே இல்ல."

மாஸ்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "தப்பே இல்லையே. ஒரு வாக்கியம்கூடத் தப்பில்ல. அம்மா, உங்க பொண்ணு பாஸ்."

"பாஸாம்ல" என்றாள் தையல்காரம்மா. "அந்தப் பாஸைக் கொண்டுபோய் எந்தப் பல்லுல வச்சு அடைக்கிறது?"

"அவர் தூங்கல மாஸ்டர்" என்றாள் ஊசி. "கண்ணை மூடிக்கிட்டுக் கவனிச்சிருக்கார். அது அவர் பழக்கமாம். கண்ணைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஐ வாஸ் நாட் ஸ்லீப்பிங். எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. இல்லைங்கிறதை நீங்க சொல்லித்தரவே இல்லையே."

"எதிர்மறை அடுத்த வருஷம்" என்றார் மாஸ்டர்.

வகுப்பு மொத்தமும் வாசலுக்கு வந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "இல்ல மாஸ்டர், ஒரு சந்தேகம். பல்வலிக்கு ஆங்கிலத்துல என்ன? கடையில தினம் நாலு பேர் கேட்கிறாங்க, நான் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கிட்டிருக்கேன்."

"தலையணைக்கு?" என்றாள் என் நாத்தனார். அவளுக்கும் தைரியம் வந்துவிட்டது.

"தூக்கத்துக்குப் பக்கத்து வார்த்தைதானே, சொல்லுங்க" என்று நானும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டேன். படி பெருக்கியாகிவிட்டது, வேறென்ன வேலை.

மாஸ்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் கதவு நிலை இருந்தது. மெதுவாக அதில் சாய்ந்தார். நின்ற நிலையிலேயே, குதிரை மாதிரி, கண்ணை மூடினார்.

மருந்துக்கடைக்காரரும் என் நாத்தனாரும் பல்வலியை மறந்தார்கள், தலையணையை மறந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு ராகம் எடுத்தார்கள்: "மாஸ்டர் ஈஸ் ஸ்லீப்பிங். மாஸ்டர் ஹேஸ் பீன் ஸ்லீப்பிங்." வெட்கம்கெட்ட ஜனம். உள்ளே சுவரோரம் டிரைவரின் குறட்டை தாளம் போட்டது. தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊசி பாடவில்லை. மாஸ்டரின் முகத்துக்கு நேராகப் போய் நின்று அவர் இமையை உற்றுப் பார்த்தாள். பொத்தான் ஓட்டையில் நூல் பிசிறு தேடும் பார்வை அது. பாட்டு தானாகத் தேய்ந்து நின்றது.

"மாஸ்டர் ஈஸ் நாட் ஸ்லீப்பிங்" என்றாள். பிறகு உள்ளே கை நீட்டி, "டிரைவர் ஈஸ் ஸ்லீப்பிங்" என்றாள்.

மாஸ்டரின் இமை படபடவென்று துடித்தது. ஆனாலும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கீழே இறங்கும்வரை அப்படியே நின்றார். தொழில்பக்தி என்றால் அதுதான்.

மறுவாரம் பலகையைக் கழற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். அங்கே 'ஈட்' என்ற வார்த்தையைப் பிடுங்குகிறாராம், வகுப்பு வேடிக்கை பார்க்க அவர் சாப்பிடுகிறாராம். ஆள் இரட்டை நாடியாகிவிட்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாணவர்கள் இளைத்திருப்பார்கள்.

ஊசி அம்மா சொன்னபடியே மெஷினுக்குத் திரும்பினாள். ஆனால் மடியில் என் நாத்தனாரின் பழைய அகராதி இருந்தது. ஒரு ஓட்டைக்கு ஒரு வார்த்தை என்று தைத்தாள். தையல்காரம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். வகுப்புக்குத்தானே தடை, அகராதிக்கு இல்லையே. அடுத்த நேர்முகத்தேர்வு ஒரு பார்சல் கம்பெனியில். அதிகாரி அவள் எதிரிலேயே கொட்டாவி விட்டாராம். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாளாம். வேலை கிடைத்துவிட்டது.

அந்தக் கம்பெனிக்குத்தான் டிரைவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கட்டுக்கே தெரியும். கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். போன வாரம் தையல்காரம்மாவிடம், "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டேன்.

"நல்ல பிள்ளைதான்" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "என்ன கேட்டாலும் பதில் சொல்றாராம். கண்ணை மூடினா மட்டும் நிஜமாவே தூங்கிடுறாராம்."