விலாங்குத் தொட்டி

அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. கரையே தெரியாத கடலில் மூன்றாவது நாளாக நிற்கிறார்கள். ஒரு சூரை மீன்கூட வாய் வைக்கவில்லை. அவன் இரைத் தொட்டிக்குள் சாக்குத் துணியோடு கையை விட்டு ஒரு விலாங்கைப் பிடித்தான். வெறுங்கைக்கு நிற்காது, வழுக்கிவிடும். முள்ளில் மாட்டிய பிறகும் அது உயிரோடு நெளிய வேண்டும். செத்ததைச் சூரை திரும்பிக்கூடப் பார்க்காது.

"குடு, நான் கோக்கறேன்" என்றார் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர், படகும் அவருடையதுதான். நீட்டியது இடது கை.

"வலது கைக்கு என்னாச்சு?"

"லீவு போட்டிருக்கு."

முந்தாநாள் தூண்டில் முள் உள்ளங்கையில் இறங்கியிருந்தது. டீசலை ஊற்றிக் கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டார். இப்போது விரல்கள் மடங்கவில்லை. மணிக்கட்டைத் தாண்டிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது.

"அத்தான், கரைக்குப் போயிடலாம்."

"வெறும் படகோட போய் நின்னா உங்கக்கா என்னைத் தூக்கிக் கொஞ்சுவாளா?"

"கை போயிடும்."

"இன்னொண்ணு இருக்குல்ல? விலாங்கு உயிரோட இருக்கிற வரைக்கும் படகு திரும்பாது. நொய்நொய்ங்காத மச்சான்."

அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். தொட்டியில் இரை நெளியும்போது ஒருத்தனும் சுக்கானைத் திருப்ப மாட்டான்.

மத்தியானம் அத்தானுக்குக் காய்ச்சல் கொதித்தது. கயிற்றுக் குவியல்மேல் சாய்ந்து, யாரையோ திட்டிக்கொண்டே கண்ணை மூடினார். இப்போது படகைத் திருப்பினால் எழுந்து மறுபடி திருப்புவார். அவன் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கினான்.

விலாங்குகள் முதலில் மேலே வந்து வாயைத் திறந்தன. பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறின. வெயில் தொட்டியைச் சுட்டது. நடுவில் ஒருதரம் ஒயரைச் சொருகப் போனான். அத்தானின் கையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

அப்போதுதான் கடல் கொதித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சூரை. துள்ளி விழும் சத்தத்தில் அத்தான் எழுந்துவிட்டார்.

"வந்துட்டான்டா! இரையை எடு, எடு!"

அவன் அசையவில்லை. அத்தானே தள்ளாடி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"மோட்டார் நின்னுபோச்சா?"

"நான்தான் நிறுத்தினேன்."

அடிப்பார் என்று நினைத்தான். அவர் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்தார். கூட்டம் முழுசாகக் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "திருப்பு" என்றார்.

ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர்.

"நேத்தே இழுத்துட்டு வர வேண்டியதுதானே, உனக்கு வாயில்லையா?" என்று அக்கா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் அவள் உலுக்கியபடியெல்லாம் ஆடினான்.

மயக்கம் தெளிந்ததும் கை என்னாச்சு என்று அத்தான் கேட்கவில்லை.

"எவ்வளவு பெரிய கூட்டம்டா" என்றார். "பாத்தேல்ல?"

"பாத்தேன் அத்தான்."

ஆஸ்பத்திரி வாசலில் பக்கத்துப் படகுக்காரர் வந்து நின்றிருந்தார். நலம் விசாரித்தார், வேறெதுவும் கேட்கவில்லை. அந்தத் தொட்டி விலாங்கு அவரிடம் கைமாற்றாக வாங்கியது. உயிரோடு வாங்கினால் உயிரோடுதான் திருப்ப வேண்டும். இன்னும் திருப்பவில்லை.