ஓடாத வண்டியில் துரு

...அப்படியென்றால் தண்ணீர் எப்படி உள்ளே போனது, மூடிக்கிடக்கிற பைக் இன்ஜினுக்குள் தானாகவா ஊறும், எவனோ கை வைத்திருக்கிறான், கரகரவென்று சத்தம் வந்தபோதே எனக்குப் பொறி தட்டியது, கிளட்ச்சாக இருக்கும் என்றான் தெருமுனை மெக்கானிக், அவன் சொன்னதை என்றைக்கு நான் நம்பினேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்போடு ஷெட்டில் உட்கார்ந்து நானே பிரித்தேன், பிரித்தால்... பேரிங் குண்டெல்லாம் பழுப்புப் புள்ளி, அலுமினியம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு. மழையில் முக்கி எடுத்தாலொழிய இப்படி ஆகுமா? நான் படுத்துக்கிடந்த நாளெல்லாம் சாவி எங்கே இருந்தது? வீட்டு ஆணியில். வீட்டுக்கு வந்துபோனது யார்? மகள் புருஷன். கல்யாணத்தன்றே என் வண்டியை ஒரு பார்வை பார்த்தவன்தானே, பெண்ணைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. மகளுக்குப் போன் போட்டேன், உன் புருஷன் இதில் கை வைத்திருந்தால் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். "அப்ப நானும் வரலப்பா" என்று வைத்துவிட்டாள். வைக்கட்டும், யாருக்கு நஷ்டம்... எனக்குத்தான், வேறு யாருக்கு, இருப்பது ஒரே பெண். அதற்காகத் திருட்டுத்தனத்தை விட்டுவிட முடியுமா? கொஞ்ச நேரத்தில் அவனே வந்தான். ஷெட் வாசலில் நின்றான், கழற்றிப் போட்டிருந்ததை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் மாமா. மழையில ரெண்டு தடவ எடுத்துட்டுப் போனேன். மன்னிச்சிடுங்க." என் வீட்டுக்காரி அடுக்களை வாசலில் வாயே திறக்காமல் நின்றாள். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன்கூட முதலில் "நானா?" என்றுதானே கேட்பான், இவன் நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒத்துக்கொள்கிறான். "போங்க மாப்பிள்ளை, அப்புறம் பேசிக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

ஓட்டினான் என்றால் டயரில் சேறு எங்கே? மட்கார்டுக்கு அடியில் சிலந்தி கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகிறது, மழையில் போன வண்டியில் சிலந்தி நிற்குமா? அதுவும் போகட்டும், பெட்ரோல் எரிந்தாலே இன்ஜினுக்குள் கொஞ்சம் ஈரம் கோக்கும், சூடேறும்வரை ஓடினால் அந்த ஈரமெல்லாம் ஆவியாகிப் போய்விடும், ஈரம் தங்கியிருக்கிறது என்றால் சூடேறுவதற்குள் அணைத்திருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப, ஸ்டாண்டில் நிறுத்தியபடியே... எந்தக் கிறுக்கன் வண்டியை உதைத்து, எங்கேயும் போகாமல், உடனே அணைப்பான்? "ஏய், இங்க வா" என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். வந்தாள். கேட்டேன்.

"அவர் ஒண்ணும் பண்ணல. உதைச்சது நான்."

"நீயா? கிக்கர் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

"இத்தன வருஷம் பின்னாடி உக்காந்து வர்றேன், தெரியாதா? சாயந்தரமானா வீடு கம்முன்னு கெடந்துச்சு. நீங்க வர்ற மாதிரி சத்தம் கேட்டா தேவலைன்னு இருந்துச்சு. பெட்ரோல் வீணாகுமேன்னு ஒடனே அணைச்சிடுவேன். ஒரு நாள் மாப்பிள்ளை பாத்துட்டாரு."

"என்கிட்ட சொன்னா கடிச்சா தின்னுருவேன்?"

"மாட்டீங்க. பிரிச்சுப் போடுவீங்க."

அதற்கு மேல் என்ன திட்டுவது, யாரைத் திட்டுவது, என் சத்தம் கேட்க வேண்டும் என்று உதைத்தவளிடம் அந்த உதைதான் பேரிங்கைத் தின்றது என்று சொல்லவா? சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு, உன் புருஷன் மேல் தப்பில்லை, இரண்டு பேரும் வாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று ஆயில் கையோடு போனை எடுத்தேன், மாமியாருக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானே, இந்தக் காலத்தில் எவன் செய்வான்... ஆனால் எவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னான். கண் சிமிட்டவில்லை, குரல் பிசிறவில்லை, இவளும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் வருகிற பழக்கமா இது? ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார், வெளியே வந்தவன் இதே முகத்தோடுதான், "ஒண்ணும் இல்ல மாமா, எல்லாம் சரியாயிடுச்சு" என்றான். அன்றைக்கும் இவள் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை.