திருஇருதயப் படத்துச் சிவப்பு பல்ப்

நிலூஷாவின் பற்றீரியாக்களுக்கு வேலை செய்யும் எண்ணமே இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டு அறைக்குள், போத்தல் நிறைய பீட்ரூட் தண்ணீர் மாதிரிக் கிடந்து நாறிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டால் அவை புரோத்தன்களைக் கலமென்சவ்வுக்கு வெளியே தள்ள வேண்டும், சுற்றியுள்ள தண்ணீர் புளிக்க வேண்டும், புளிப்பை அளக்கும் பீஎச் மீற்றரில் எண் இறங்க வேண்டும். புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

"இண்டைக்கும் காட்டாட்டி ஆய்வுக்கு வேற தலைப்பு எடும்," என்றார் வீடியோ அழைப்பில் விரிவுரையாளர் நாகேந்திரம். வேறு தலைப்பென்றால் இன்னொரு வருடம். நிலூஷாவுக்கு அழுகை முட்டியது.

"என்ன லைட் பிடிக்கிறீர்?"

"எல்ஈடி, சேர்."

"அதுதானே! சிவப்புக்கும் அங்கால, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்டு இருக்கு. இதுகளுக்கு அதுதான் வேணும். பழைய இழை பல்ப் ஒண்டு தேடும்."

கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா பேர்ணடெற் எல்லா பல்ப்பையும் மாற்றிவிட்டிருந்தாள். ஹோலில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன் எரியும் சின்னச் சிவப்பு இழை பல்ப்பில் மட்டும் கைவைக்கத் துணியவில்லை.

ஹோலிலோ செபமாலை நடந்துகொண்டிருந்தது. வீடுவீடாகப் போகும் மாதா சுரூபம் அன்றைக்குப் பார்த்து அவர்கள் வீட்டில். ஒழுங்கையின் அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க முழங்காலில் நின்றது.

நிலூஷா போத்தல், மீற்றர், ஃபோன் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் படத்தடியில் வைத்தாள். அம்மா பார்த்த பார்வைக்கு அவள் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். எண் மெல்ல இறங்கியது.

"ஓம், இறங்குது!" பூச்சாடிக்குப் பின்னால் சாத்திவைத்த ஃபோனிலிருந்து நாகேந்திரத்தின் குரல். "இப்ப லைட்டை நிப்பாட்டும். ஏறினால்தான் நம்புவன்."

செபத்தின் நடுவிலா! கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். செபம் சொல்லிக்கொண்டிருந்த சவுந்தரநாயகம் அங்கிள் பாதியில் நின்றார். எண் ஏறியது. பல்ப்பைப் போட்டாள். செபம் தொடர்ந்தது, எண் இறங்கியது.

"இன்னொருக்கா," என்றது பூச்சாடி.

மறுபடி அணைத்தபோது ஒருவரும் மாதாவைப் பார்க்கவில்லை, எல்லாக் கண்களும் மீற்றரில்தான். "ஏறுது, ஏறுது," என்று பின்னால் மீன்கடை ஸ்ரான்லி முணுமுணுத்தார்.

"போதும். உம்மட தலைப்பு இருக்கட்டும்."

"ஆமென்," என்றது வீடு முழுவதும், பழக்கதோசத்தில்.

நிலூஷா அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்தே வந்தது. பேர்ணடெற் எழுந்து வந்து போத்தலை முகர்ந்து மூக்கைச் சுளித்தாள்.

"பல்ப்பைப் போடு மகள்," என்றாள். "செபம் முடியுமட்டும் அதுகளும் இருக்கட்டும்."