தேறிய உடம்பு

என் மனைவி எழில்மொழி டெங்குவில் இறந்த எட்டாவது மாதம் எனக்கு முதுகு வலித்தது. துக்கம் என்றார்கள். கால் வீங்கியது. அதையும் துக்கம் என்றார்கள்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாயைச் சுற்றித் தழும்பு மாதிரி ஒரு சதை வளர்ந்து, இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் நெரித்திருந்தது.

"வாய்க்கால் அடைச்சா தண்ணி எதுத்து ஏறும்ல? உங்க கிட்னி அப்படித்தான் வீங்கியிருக்கு," என்றார் டாக்டர் அம்சவல்லி. "துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, கேன்சர் இல்ல. ஸ்டீராய்டு போட்டா சதை சுருங்கும். பசிக்கும், முகம் உப்பும். நீங்களா நிறுத்திடக் கூடாது."

சிறுநீர் இறங்க உள்ளே டியூப் வைத்தார்கள். வலி போனது. பசி வந்தது. அதைப் பசி என்பது மரியாதை. விடியற்காலையில் பழைய சோற்றைப் பானையோடு வழித்துத் தின்றேன். ஊசிப்போன குழம்பையும் விடவில்லை. குமட்டக் குமட்டத் தின்றேன். கண்ணாடியில் பூசணிக்காய் முகம், மினுங்கும் கன்னம், புது மாப்பிள்ளை போல. காறித் துப்பினேன்.

அந்த முகத்தோடு அவளுடைய வருஷத் திதிக்கு மன்னார்குடி மாமியார் வீட்டுக்குப் போகக் கூசியது. அங்கே யாருக்கும் நோயைச் சொல்லியிருக்கவில்லை. கொஞ்சம் வடியட்டும் என்று நான்கு நாள் முன்பே மாத்திரையை நிறுத்தினேன். முகம் வடியவில்லை. தலை சுற்றியது.

பந்தியில் அவளுடைய சித்தப்பா நல்லக்கண்ணு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, பளபளன்னு இருக்கீங்க? சிலருக்குப் பொண்டாட்டி போனாத்தான் உடம்பு தேறுது."

யாரோ சிரித்தார்கள். நான் இலையிலேயே வாந்தி எடுத்தேன். வடை, பாயசம், மஞ்சள் பித்தம். அவர் வேட்டியிலும் தெறித்தது. அதற்கு மட்டும் வருத்தமில்லை.

மாமியார் செந்தாமரை கொல்லைக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாத்திரை எங்க?"

"பையில."

"அந்த டாக்டரம்மாவுக்குப் போனைப் போடுங்க."

டாக்டர் திட்டினார். திடீரென்று நிறுத்தினால் உயிரே போகும், உடனே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பி வாருங்கள் என்றார். மாமியார் காதிலும் விழுந்தது.

"துக்கத்தைக் காட்ட முகம் வத்தணுமா? உங்களுக்கும் ஒரு திதி குடுக்க எனக்குத் தெம்பில்ல, மாப்ள."

காருக்குச் சொல்லிவிட்டு, ரசம் சாதம் பிசைந்து வந்து கூடத்தில் எல்லோருக்கும் நடுவே வைத்தார். மாத்திரையை விழுங்கினேன். வாய் நாறியது. பசியே இல்லை. நல்லக்கண்ணு பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு வாயாகத் தின்று முடித்தேன்.