ஏன் செத்தேன் என்று சொல்லாத தாழ்வாரம்

என் தாழ்வாரத்தில் அண்ணி பதினோராவது தடவையாகச் செத்தபோது நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. தாழ்வாரம் என்றால் எங்கள் அலுவலகத்தில் செய்துகொண்டிருக்கும் பேய் வீடியோ விளையாட்டில், பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் எட்டு மாதம் உயிரைக் கொடுத்து நான் உருவாக்கிய இடம். தரையில் அங்கங்கே ஈரம் இருக்கும். அதில் கால் வைத்தால் சத்தம் கேட்டு அந்த ஆஸ்பத்திரியின் பெண் பேய் வந்துவிடுவாள். வந்தால் திரை இருண்டு, ஆட்டம் மறுபடி வாசல் கதவிலிருந்து தொடங்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. புதியவர் ஒருவர் ஆடிப் பார்க்கும்போது மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விளையாட்டை உருவாக்கியவர் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். உச்சுக் கொட்டினால்கூட அந்தச் சோதனை தோல்விதான். “விளையாடுறவன் வீட்ல போய் உக்காந்து விளக்கம் சொல்வியா?” என்பார் எங்கள் குழுத் தலைவர். சோதனை அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கண்கொட்டாமல் பார்ப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆந்தை.

வெளியாட்கள் மூன்று பேரில் ஒருவராவது கடக்காவிட்டால் தாழ்வாரத்தையே தூக்கிவிடுவேன் என்று ஆந்தை சொல்லியாயிற்று. ஒரு தபால்காரரும் ஒரு பல் டாக்டரும் ஏற்கெனவே தோற்றுப் போயிருந்தார்கள். இரண்டும் மரமண்டை என்று நான் திட்டித் தீர்த்தேன். மூன்றாவது ஆள் கடைசி நேரத்தில் காலை வாரிவிட, வேறு வழியில்லாமல் அண்ணியைக் கூப்பிட்டேன்.

அண்ணி புருஷன் வீட்டை விட்டு வந்து நான்கு மாதமாக எங்களோடு இருக்கிறார். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை.

சோதனை அறைக்கு ஜன்னல் இல்லை. கதவையும் ஆந்தைதான் வெளியிலிருந்து திறக்க வேண்டும். இரண்டு நாற்காலி, ஒரு திரை, என் முகத்துக்கு நேரே அண்ணியின் பின்னங்கழுத்து.

“போன தடவை விளக்கைப் போட்டப்பத்தான் வந்தா. வெளிச்சம் ஆகாது போல” என்று அண்ணி விளக்கை அணைத்தார். நேரே போய் ஈரத்தில் மிதித்தார். செத்தார்.

“ஓ, அந்தக் கதவைத் தொட்டது தப்பு.” செத்தார்.

“ஓடக் கூடாதோ?” செத்தார்.

அடக் கடவுளே, கதவில்லை, தரை! தரையைப் பாருங்கள்! எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஒவ்வொரு சாவுக்கும் அவர் ஒரு குற்றத்தைத் தானே கற்பித்துக்கொண்டு, அதை விட்டுக்கொண்டே வந்தார். விளக்கு போயிற்று, கதவுகள் போயின, திரும்பிப் பார்ப்பது போயிற்று. பதினாறாவது தடவை, வாசலருகே இருந்த துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை.

“என்ன தோணுதுன்னு சொல்லுங்கம்மா” என்றது ஆந்தையின் ஒலிபெருக்கி.

“இங்கயே இருந்துக்கறேன் சார். எது தப்புன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஒண்ணுமே செய்யாம இருந்தா யாருக்கும் கோவம் வராதில்ல? எனக்கு இது பழக்கந்தான். அந்த வீட்லயும் இப்படித்தான் இருந்தேன். இப்ப இருக்கற வீட்லயும்…”

நான் பின்னால் இருப்பது அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது. முதலில் சமையலறைக்கு வருவதை நிறுத்தினார். அப்புறம் டிவி, அப்புறம் பால்கனி. இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார். “உங்க அக்காவுக்குத் திமிர்” என்று கணவரிடம் சொன்னவள் நான். அந்த நான்கு மாதமும் பாத்திரத்தை ணங்கென்று வைத்ததும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நான்தான். அதுவே போதும், புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

“அண்ணி, ஈரம்! தரையில ஈரத்துல மிதிக்கறீங்க. அதான் வர்றா. நீங்க வேற ஒரு தப்பும் பண்ணல.”

“ஏய், டெஸ்ட் போச்சு!” என்று ஒலிபெருக்கி அலறியது. எட்டு மாத உழைப்பு ஒரு வரியில் போயிற்று.

அண்ணி நாற்காலியோடு திரும்பினார். “இவ்ளோதானா? இதைச் சொல்றதுக்கென்ன?”

“கிட்டப் போனா தண்ணி சொட்டற சத்தம் கேக்கும் அண்ணி. அதான் எச்சரிக்கை.”

“கேட்டுச்சு. யாரோ குழாயைச் சரியா மூடலன்னு நெனச்சேன்.” ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். “சரி, வீட்ல நான் என்ன தப்பு பண்றேன்? அதையும் சொல்லிடு.”

சொல்லவே வெட்கமாக இருந்தது. “நீங்களும் அவரும் சிரிச்சுப் பேசிட்டிருப்பீங்க. நான் வந்ததும் நிறுத்திடுவீங்க. என் வீட்லயே நான் யாரோ மாதிரி இருக்கு.”

“உன் மூஞ்சியைப் பார்த்தா பயமா இருக்கும்மா. அதான் நிறுத்திடுவோம். அவனும்தான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெள்ளிக்கிழமை ஹாஸ்டலுக்குப் போயிடலாம்னு இருக்கேன். இடம் பார்த்தாச்சு. தம்பிக்கே தெரியாது.”

“போகாதீங்க.”

“நிஜமா சொல்றியா? இல்ல, இதையும் நானே கண்டுபிடிக்கணுமா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆந்தை கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நிஜமாத்தான் சொல்றேன்” என்றேன். “நீங்க எங்களோட இருக்கணும்.”