சிறீகாந்தன் பறவைக் கோபுரம்

ஜோகூர் பாருவுக்கு வெளியே இருக்கும் அந்தச் சதுப்புநிலக் காப்பகத்துக்குச் சுகந்தினி வர விரும்பவில்லை. மகள் ஷாமளாதான் வற்புறுத்தி அழைத்து வந்தாள்.

சுகந்தினியின் கணவர் சிறீகாந்தன் உயிரியல் ஆசிரியர். முகத்துவாரத்தில் மண்ணைக் கொட்டாதீர்கள் என்று ஒரு நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். அந்த ஆண்டே மாரடைப்பில் போய்விட்டார். இப்போது அதே நிறுவனம் பறவை பார்க்க ஒரு கோபுரம் கட்டி, அதற்கு அவர் பெயரை வைத்திருந்தது. ரிப்பன் வெட்ட மனைவியை அழைத்திருந்தார்கள்.

நிறுவன அதிகாரி அட்ரியன் பலகைப் பாதையில் முன்னால் நடந்தான். இருபுறமும் அலையாத்திக் காடு.

"சார் ஆசப்பட்டது நடந்திருச்சு ஆன்ட்டி. இனி இந்தக் காட்ட யாரும் தொட முடியாது."

கோபுரத்தின் மேலே ஏறிப் பார்த்தபோது காடு வெறும் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அதற்கப்பால் மணல்மேடு, கிரேன்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மாணவர்களுக்குச் சிறீகாந்தன் கடல்குதிரை காட்டிய இடம் அது.

"அங்க என்ன வருது?"

"கொண்டோ, ஆன்ட்டி. அடுக்குமாடி வீடுங்க. அது காப்பகத்துக்கு வெளிய. இந்தக் காட்டு வியூவுக்காகத்தான் ஆளுங்க வாங்குறாங்க."

சொன்ன பிறகே யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கத்தரிக்கோலை நீட்டினான். சுகந்தினி வாங்கவில்லை.

"அவர் பேர எடுத்துருங்க தம்பி."

"அலமாக்!" என்று பதறினான் அட்ரியன். " வி.ஐ.பி. எல்லாம் கீழ வந்துட்டாங்க லா."

"அவர் காப்பாத்தச் சொன்னதத்தான் மூடிட்டீங்க. மூடிட்டு அவர் பேர எதுக்கு வைக்கிறீங்க?"

ஷாமளா அம்மாவின் கையைப் பிடித்தாள். "செத்ததுலேர்ந்து அப்பாவப் பத்தி ஒருத்தரும் பேசல. பேராவது இருக்கட்டும்மா."

"இவங்க குடுக்கிற பேரா?"

"உங்களுக்கு அவர் தோத்துப்போனவராவே இருக்கணும். அதான் உங்களுக்குப் பெருமை."

சுகந்தினி கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினார். பாதி வழியில் வி.ஐ.பி.க்கள் அவரைக் கடந்து மேலே ஏறினார்கள். அவர் கீழே வந்து சேர்ந்தபோது மேலே கைதட்டல் கேட்டது. ஷாமளா ரிப்பனை வெட்டியிருந்தாள்.

திரும்பும் வழியில் காரில் ஷாமளா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சுகந்தினி கொடுத்திருக்கமாட்டார்.