அபூ முனீர்

“வாய்யா, அபூ தாமர்!”

காப்பிக்கடை வாசலில் கால் வைத்த சுஹைல், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. அவன் இடுப்பில் மூத்த மகன் முனீர் இருந்தான். மறு கையில் மூடி போட்ட கிண்ணம். இளையவன் தாமர் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. பிள்ளை பிறந்த வீட்டில் காய்ச்சுகிற கராவியா கூழை, மேலே பாதாம் பருப்பு தூவி, நண்பர்களுக்குக் கொண்டுவந்திருந்தான்.

ஸல்த் என்ற அந்த அரபு ஊரில் பிள்ளை பெற்றவனைச் சொந்தப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மூத்த மகன் பேருக்கு முன்னால் ஓர் ‘அபூ’ போட்டால் அதுதான் அப்பனுக்குப் பேர். நாலு வருஷமாக சுஹைல், அபூ முனீர். முனீருக்கு இன்னும் நடை வரவில்லை, பேச்சு வரவில்லை. அப்பனுக்கு மட்டும் பேர் கொடுத்திருந்தான்.

“என்ன முழிக்கிற? உன்னைத்தான்,” என்றான் அபூ ஷாதி, தாவ்லா பகடையாட்டப் பலகையில் காய்களை அடுக்கிக்கொண்டே. பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. “நேத்து தோத்துட்டு ஓடினியே, இன்னிக்குப் புதுப் பையன் ராசி எப்படின்னு பார்ப்போம். உக்காரு, அபூ தாமர்.”

“அபூ தாமருக்கு ஒரு காப்பி!” என்று கடைக்காரரும் உள்ளே குரல் கொடுத்தார். எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“என் மூத்தவன் இதோ இருக்கான்,” என்றான் சுஹைல்.

அபூ ஷாதி குரலைத் தாழ்த்தினான். “கோவிச்சுக்காதடா. ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரைக் கேக்கறப்போ உனக்கு வலிக்கும்ல? அல்லா இப்போ வேற பேர் குடுத்திருக்கான். எடுத்துக்கோயேன்.”

கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அபூ ஷாதியின் கண் கலங்கியிருந்தது. காலையில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து “உம் தாமர்!”, தாமரின் அம்மா, என்று கூப்பிட்டபோது, மனைவி லுப்னா “இதோ வரேன்” என்றது சுஹைலுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளை பெற்ற அசதி என்று அப்போது தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தான்.

கிண்ணத்தைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“சாப்பிடுங்க. அபூ முனீர் கொண்டுவந்தது.”

வெளியே வந்து முனீரை இறக்கினான். நடை வராத பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில், அம்மாக்களுக்கு நடுவே ஒற்றை அப்பனாக நின்று கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. பிள்ளையின் பாதங்களைத் தன் செருப்புக்கால்களின் மேல் ஏற்றி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அப்பன் ஓர் அடி வைத்தால் பிள்ளையும் ஓர் அடி வைக்கும்.

மேட்டுத் தெருவில் ஏறத் தொடங்கினார்கள்.

“அபூ தாமர்! ஆட்டம் இருக்குடா!” கடைக்குள்ளிருந்து அபூ ஷாதி கத்தினான்.

சுஹைல் திரும்பவில்லை. ஆனால் நடையைக் குறைத்தான். பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சுக்கும் அதிகமாகவே நேரம் கொடுத்து நடந்தான்.

கடைக்குள் பகடை உருளும் சத்தம் கேட்டது. இன்னொருவன் அவன் இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

முனீரின் வலது பாதம் வழுக்கித் தரையைத் தொட்டது. சுஹைல் நின்றான். குனிந்து, அந்தச் சின்னப் பாதத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி தன் காலின் மேல் எடுத்து வைத்தான்.